இரத்தக் குறைவா, பரம்பரையா? எஃப்.பி.சி ரிப்போர்ட்டில் கண்ணில் படாமல் போகும் தலசீமியா

எஃப்.பி.சி எனப்படும் முழுக் குருதிக் கலச் சோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஈமோகுளோபினைத்தான். 11.2 என்றிருந்தால் "கொஞ்சம் இரத்தம் குறைவு, கீரை சாப்பிடுங்கோ" என்ற ஒரு சொல்லும் ஒரு பக்கற் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும். அதோடு அந்தத் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். அதே தாளில் சில வரிகள் தள்ளி எம்.சி.வி (செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன்) 62, எம்.சி.எச் (ஒரு கலத்திலுள்ள ஈமோகுளோபினின் சராசரி அளவு) 19, செங்குருதிக் கல எண்ணிக்கை 5.9 என்று அச்சாகியிருக்கும். இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் படித்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டை விட வேறொன்றின் மீதே சந்தேகம் விழ வேண்டும். அவர் பீட்டா தலசீமியா காவியாக இருக்கலாம். தலசீமியா என்பது ஈமோகுளோபின் போதியளவு உண்டாகாத பரம்பரை நோய், காவி என்பவர் நோயில்லாமல் அதன் பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்.

இரும்பு போதாதவருடைய ரிப்போர்ட் வேறு மாதிரி இருக்கும். ஈமோகுளோபின் 9.0, கல எண்ணிக்கை 4.1, எம்.சி.வி 72 என்று வைத்துக்கொள்வோம். கலங்கள் சிறுத்திருக்கின்றன, எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. காவியிலோ கலங்கள் மிகவும் சிறியவை, ஆனால் எண்ணிக்கை வழமையை விடக் கூட. எம்.சி.வியைக் கல எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதலில் பார்த்த ரிப்போர்ட்டுக்கு 10.5 வரும், இரும்பு போதாதவருக்கு 17.6. விடை 13க்குக் கீழே போனால் தலசீமியாவைத் தேட வேண்டும். 1973 முதல் பயன்பாட்டில் உள்ள இந்தக் கணக்குக்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். இது வழிகாட்டி மட்டுமே. இரும்புக் குறைபாடும் காவிநிலையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். ஆனால் ஒரு காசும் செலவில்லாமல், கையில் இருக்கும் தாளை வைத்தே செய்யக்கூடியது என்பதால் அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

கலம் ஏன் சிறுக்கிறது என்று விளங்க மரபணுவுக்குள் போகத்தான் வேண்டும். ஈமோகுளோபின் ஒரு புரதம். வளர்ந்தவரின் உடலில் அது இரண்டு ஆல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் சேர்ந்தது. ஆல்பாச் சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஆல்பாவுக்கான மரபணுக்கள் 16ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன, பீட்டாவுக்கானது 11ஆம் நிறமூர்த்தத்தில். பீட்டா மரபணுவின் நீளம் ஏறத்தாழ 1600 எழுத்துகள் (டி.என்.ஏயின் எழுத்துகள் ஏ, சி, ஜி, ரி என்ற நான்குதான்). மனித டி.என்.ஏயில் உள்ள 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

என்பு மச்சையில் செங்குருதிக் கலம் உருவாகும்போது இந்த மரபணு முதலில் ஆர்.என்.ஏயாகப் பிரதியெடுக்கப்படுகிறது. அந்தப் பிரதியில் புரதத்துக்குத் தேவையான எக்சோன்கள் மூன்று. அவற்றுக்கு நடுவே தேவையில்லாத இன்ட்ரோன்கள் இரண்டு. இன்ட்ரோன்களை வெட்டியெடுத்து எக்சோன்களை ஒட்டிய பிறகுதான் தூது ஆர்.என்.ஏ தயாராகும். அது கலத்தின் கருவை விட்டு வெளியே வந்து இறைபோசோமில் மாட்டிக்கொள்ளும். இறைபோசோம் மூன்று மூன்று எழுத்துகளாக அதைப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோத்துக்கொண்டே போகும். மூன்றெழுத்துக் கோடோன்கள் மொத்தம் 64. அவற்றில் 61 அமினோ அமிலத்தைக் குறிப்பவை, மிச்சம் 3 "இத்தோடு நிறுத்து" என்பவை.

எழுத்து மாறினால் எல்லாம் கெட்டுவிடும் என்று நினைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பனிடம் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த விளைவையும் தருவதில்லை. 20 அமினோ அமிலங்களுக்கு 61 கோடோன்கள் இருப்பதால், ஜி-ஏ-ஜி என்பது ஜி-ஏ-ஏ என்று மாறினாலும் அங்கே குளுட்டாமிக் அமிலமே வந்து உட்காரும். மாற்றம் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

இதைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். "மரம் பழம் தரும்" என்பதில் மூன்று சொற்கள், ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. "பழம்" என்பது "படம்" ஆனால் ஒரு சொல் மட்டும் பிசகும். முதற்சொல்லின் ரகரத்தை எடுத்துவிட்டு மூன்று மூன்றாகவே படித்தால் "மம்ப ழம்த ரும்" என்று கடைசி வரை குழம்பிவிடும்.

முதல் வகைக்கு உதாரணம் ஈமோகுளோபின் ஈ. பீட்டா மரபணுவின் 26ஆம் கோடோனில் ஜி-ஏ-ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ-ஏ-ஜி வருகிறது, அதனால் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் சேர்கிறது. அரிவாள் கல நோயிலும் இதே கதைதான். அங்கே 6ஆம் இடத்தில் ஜி-ஏ-ஜி, ஜி-ரி-ஜி ஆகிக் குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின் உட்காருகிறது. இரண்டாம் வகைக்கு உதாரணம், 41, 42ஆம் கோடோன்களில் நான்கு எழுத்துகள் விடுபடும் விகாரம். நான்கு மூன்றால் வகுபடாதது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கோடோனும் தவறாகவே படிக்கப்பட்டு, நடுவிலேயே ஒரு நிறுத்தக் கோடோன் முளைத்து, சங்கிலி பாதியில் நின்றுவிடும்.

இலங்கையில் நாம் அதிகம் சந்திப்பது மூன்றாவது வகையை. புரதத்தின் எழுத்துகள் அத்தனையும் சரி, வெட்டி ஒட்டும் இடத்தில்தான் பிழை. முதலாவது இன்ட்ரோனின் 5ஆம் எழுத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது. இன்ட்ரோன் எப்படியும் வெட்டி எறியப்படுவது, அதில் ஒரு எழுத்து மாறினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்ற அடையாளம் அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. அடையாளம் மங்கியதும் வெட்டு அக்கம்பக்கத்தில் தப்பான இடங்களில் விழுகிறது. சரியாக வெட்டப்பட்ட தூது ஆர்.என்.ஏ மிகச் சொற்பமே தேறும், பீட்டாச் சங்கிலியும் அதற்கேற்பக் குறையும். அதே இன்ட்ரோனின் முதலாவது எழுத்து ஜி போய் ஏ வந்தால் சரியான வெட்டு அறவே நடக்காது, அந்த மரபணுவிலிருந்து பீட்டாச் சங்கிலி துளியும் வராது. ஈமோகுளோபின் ஈயும் அமினோ அமிலத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை. அந்த எழுத்து மாற்றம் பக்கத்தில் ஒரு பொய்யான வெட்டுமிடத்தையும் உண்டாக்கி, புரதத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது.

பீட்டா மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. காவியிடம் ஒன்று பழுது, மற்றது நல்லது. அந்த ஒன்று போதும். அவர் வயல் வேலையும் செய்வார், கடலுக்கும் போவார், பிள்ளையும் பெறுவார். கலம் சிறிதாக இருப்பதைத் தவிர வேறு வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. இரண்டு மரபணுக்களும் பழுதான பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஆல்பாச் சங்கிலிகள் வழக்கம்போல் உற்பத்தியாகிச் சேர, சோடி சேரப் பீட்டா இல்லை. சோடியில்லாத ஆல்பாச் சங்கிலிகள் கலத்துக்குள்ளேயே படிந்து, செங்குருதிக் கலம் என்பு மச்சையை விட்டு வெளியே வருமுன்னரே அதைக் கொன்றுவிடுகின்றன. உடல் இன்னும் இன்னும் கலம் செய்ய முயல்வதால் மச்சை பெருத்து, நெற்றியும் கன்ன எலும்பும் புடைக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது. பிறந்தவுடன் இது தெரியாது. கருவிலிருந்து வரும் ஈமோகுளோபின் எஃப்பில் பீட்டாவே கிடையாது என்பதால் முதல் சில மாதங்கள் பிள்ளை நன்றாகவே இருக்கும். 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில் வெளிறும், பால் குடிக்க மறுக்கும், வயிறு பெருக்கும்.

பிறகு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும். 2 முதல் 5 கிழமைக்கு ஒருமுறை, அடுத்த பை ஏற்றுமுன் ஈமோகுளோபின் 9.5க்குக் கிட்ட இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஒரு பைக் குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடல் ஒரு நாளில் வெளியேற்றுவது 1, 2 மில்லிகிராம்தான். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் போய்ப் படியும். அதை அகற்ற நாளாந்தம் டெஃபெராசிரொக்ஸ் மாத்திரை, அல்லது கிழமையில் 5 இரவுகளாவது 8 முதல் 12 மணித்தியாலம் தோலுக்கடியில் ஏறும் டெஸ்ஃபெரொக்சமின் ஊசி. மருந்தைத் தவறவிடும் பிள்ளைகளின் இதயம் இளவயதிலேயே தளர்கிறது. வயிற்றில் ஊசியோடு தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்தவர்கள், 2 மில்லி குருதி கொடுத்துக் கலியாணத்துக்கு முன் சோதிப்பதைப் பெரிய வேலையாக நினைக்க மாட்டார்கள்.

இந்த விகாரம் ஏன் நம்மிடம் இவ்வளவு காலம் நிலைத்தது? மலேரியாதான் காரணம். காவிகளைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை, ஆகவே மலேரியா நிலவிய நாடுகளிலெல்லாம் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று குளமும் வயலும் சூழ்ந்த திருகோணமலையில் குளிர்க்காய்ச்சல் தெரியாத பழைய தலைமுறை கிடையாது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவானது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. நோய் போய்விட்டது, மரபணு அப்படியே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி நாட்டில் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று அதிகமானோர் பீட்டா தலசீமியா காவிகள். ஈமோகுளோபின் ஈ காவிகள் தனி. ஊருக்கு ஊர் இந்த அளவு மாறும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடு இதற்குத் தெரியாது.

இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். காவியாகும் வாய்ப்பு 50, எதுவுமே இல்லாத வாய்ப்பு 25. "ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்பினார்கள்" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒருவர் காவி, மற்றவர் நல்லது என்றால் நோயுள்ள பிள்ளை பிறக்காது, தயங்காமல் கட்டலாம். ஒருவர் பீட்டா காவி, மற்றவர் ஈ காவி என்றாலும் கவனம் வேண்டும். அந்தச் சேர்க்கையில் பிறக்கும் பிள்ளைகளில் சிலர் குருதி ஏற்றாமலே வளர்கிறார்கள், சிலருக்குக் கடுமையான தலசீமியா வருகிறது, முன்கூட்டிச் சொல்வது கடினம்.

மச்சான் மச்சாளுக்குள் கலியாணம் பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் காவியாக இருந்தால், வெளியாளில் இன்னொரு காவி அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவு. சொந்த மச்சாளோ மச்சானோ காவியாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுக்குக் குறையாது. குறிப்புப் பொருத்தத்தோடு இரத்த குறூப்பும் பார்த்துவிட்டோம் என்று திருப்திப்படுவோர் உண்டு. ஓ பொசிட்டிவ், ஏ பொசிட்டிவ் என்பதெல்லாம் தலசீமியாவைப் பற்றி எதுவும் சொல்லாது. நோயுள்ள பிள்ளை பிறந்ததும் மருமகளைக் குறை சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. அது பெரும் அநியாயம். தகப்பனிடமிருந்து ஒரு பழுதான மரபணு வராமல் இந்த நோய் வரவே முடியாது.

சோதனைக்குப் போகும்போது பிசகுகிற இடங்கள் சில. முதற்படி எஃப்.பி.சி, ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி. எம்.சி.வி 80க்குக் கீழோ எம்.சி.எச் 27க்குக் கீழோ இருந்தால் அடுத்தது ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி சோதனை. புல்மோட்டையிலோ வெருகலிலோ காலையில் எடுத்த குருதி வெயிலில் கிடந்து மறுநாள் இயந்திரத்துக்கு வந்தால் கலங்கள் ஊதி எம்.சி.வி உயர்ந்து, காவி சாதாரணமானவர்போலத் தெரிவார். குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும், குழாய் ஐசில் நேரே படக் கூடாது. சந்தேகமானால் எம்.சி.எச்சை நம்புங்கள், அது அவ்வளவு எளிதில் மாறாது.

எச்.பி.எல்.சியில், எல்லோரிடமும் சிறிதளவு இருக்கும் ஈமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 வீதத்தைத் தாண்டினால் பீட்டா காவி. அந்த இடத்தில் 25, 30 வீதம் என்று பெரிய எண் வந்தால் அது ஏ2 அல்ல, ஏ2வோடு ஒரே நேரத்தில் வெளிவரும் ஈமோகுளோபின் ஈ. கடும் இரும்புக் குறைபாடு ஏ2வைக் கீழே இழுக்கும். ஆகவே 3.3, 3.4 என்று எல்லையில் நின்றால், உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் பெரிட்டின் பார்த்து, இரும்பைச் சரிசெய்து, மீண்டும் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது, உடனேயே கணவரின் எஃப்.பி.சியையும் எடுங்கள். கலம் சிறிது, ஏ2 சரி, இரும்பும் சரி என்றால் ஆல்பா தலசீமியாவாக இருக்கலாம். அதன் இலேசான வடிவம் இலங்கையில் பரவலாக உண்டு, உறுதிப்படுத்த டி.என்.ஏ சோதனை தேவை. காவி என்று தெரிந்தால் உடன்பிறந்தோர் அனைவரும் சோதிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காவி இரும்பு மாத்திரையே எடுக்கக் கூடாது என்பதும் தவறு. பெரிட்டின் குறைந்திருந்தால் எடுக்கலாம், கிளினிக்கில் தந்ததைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கலியாணத்துக்கு முன் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றில் இருக்கும் சிசுவைச் சோதித்துத் தீர்மானிக்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. மச்சை மாற்று சிகிச்சைக்குப் பொருத்தமான உடன்பிறப்பு வேண்டும். 2023இல் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையோ நம் குடும்பங்களுக்கு எட்டாத விலை.

இரண்டு காவிகள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள், பிள்ளையும் பிறந்துவிட்டது என்றால் ஆறாம் மாதத்திலிருந்து நிறத்தையும் நிறையையும் கவனியுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் இருவரும் காவி என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளை வெளிறி, குருதி ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், முதற்பை ஏற்றுவதற்கு முன்னரே எச்.பி.எல்.சிக்கும் விரிவான குருதி வகைச் சோதனைக்கும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்றிய பிறகு பிள்ளையின் குருதியில் கொடையாளரின் கலங்கள் கலந்துவிடும், சரியான முடிவுக்கு மூன்று நான்கு மாதங்கள் காத்திருக்க நேரும், அதுவரை அடுத்த பை ஏற்றாமல் இருக்கவும் முடியாது.