பங்கேற்பு வேறு, பங்களிப்பு வேறு

‘சமூகப் பங்களிப்புடன் சுகாதார மேம்பாடு’ என்ற தொடரைப் பதாகையில் பார்க்கிறோம், பயிற்சிக் கையேட்டில் பார்க்கிறோம், கருத்தரங்க அழைப்பிதழில் பார்க்கிறோம். கண் பழகிவிட்டதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. அண்மையில் ஒரு கையேட்டின் தமிழாக்கத்தைப் படித்தபோது, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு பற்றிய உலக மாநாடு வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனத்தின் நான்காம் கூறுக்கே இந்தக் கதி நேர்ந்திருந்தது. தங்கள் உடல்நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று சொல்லும் கூறு அது. மொழிபெயர்த்தவர் ‘பங்கேற்பது’ வர வேண்டிய இடத்தில் ‘பங்களிப்பது’ என்று போட்டிருந்தார். ஒரே ஒரு வினைதான் மாறியது. ஆனால் அந்தக் கூறின் உயிரே போய்விட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பகு, பகிர், பங்கு எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள் என்று சொல்லாய்வாளர்கள் காட்டுவார்கள். உமையை உடலில் பாதியாகக் கொண்ட சிவனைப் பக்திப் பாடல்கள் ‘மங்கை பங்கன்’ என்று அழைக்கும். அந்தப் பங்கோடு ‘ஏல்’ சேர்ந்தால் பங்கேற்பு, ‘அளி’ சேர்ந்தால் பங்களிப்பு. ஆங்கிலத்தில் பார்ட்டிசிபேஷன், லத்தீனில் ‘பகுதி’யும் ‘எடு’வும் சேர்ந்த சொல். கான்ட்ரிபியூஷன், ‘சேர்ந்து கொடு’ என்பதிலிருந்து வந்தது. அங்கே ஒன்று எடுப்பது, மற்றது கொடுப்பது. இங்கே ஒன்று ஏற்பது, மற்றது அளிப்பது. இவ்வளவு நேராகப் பொருந்தும் இணை கலைச்சொல்லாக்கத்தில் எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்ததையும் குழப்பி வைத்திருக்கிறோம்.

சரி, ஒரு வினை மாறினால் அப்படி என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பார்கள். அல்மா அட்டா கூறையே எடுத்துக்கொள்வோம். 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் கசகஸ்தானில், 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஏற்ற பிரகடனம் அது. அதில் ‘உரிமை’ முதலில் வருகிறது, ‘கடமை’ பிறகு வருகிறது. பங்கேற்பது உரிமை என்றால் பொருள் தெளிவாக இருக்கிறது: எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் எங்களுக்கும் நாற்காலி உண்டு. பங்களிப்பது உரிமை என்றால்? பணமோ உழைப்போ கொடுப்பதை யாரும் உரிமை என்று கேட்டுப் போராடுவதில்லை. அது கடமையாக மட்டுமே இருக்க முடியும். ஆக, அந்த ஒரு சொல் மாறியதும் வாக்கியத்தில் உரிமை செத்துப்போகிறது, கடமை மட்டும் மிஞ்சுகிறது.

மக்கள் காதில் பங்களிப்பு என்றால் என்ன விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை ஊரார் திரட்டித் தர வேண்டும். அதற்குப் பெயர் பொதுமக்கள் பங்களிப்பு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் போடும் குழாய், தொட்டிச் செலவில் பொதுவாக 10 சதவீதம் ஊரார் பங்களிப்பு. மலைப்பகுதி ஊர்களுக்கு 5 சதவீதம். அங்கெல்லாம் இந்தச் சொல் மிகச் சரியாக நிற்கிறது. கொடுப்பதைக் கொடுப்பது என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் அதே ஊராரிடம் போய் சுகாதாரக் குழுவிலும் ‘உங்கள் பங்களிப்பு தேவை’ என்றால், அடுத்த வசூல் எவ்வளவு என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைப்பது அவர்கள் தவறு இல்லை. கல்யாணத்தில் மொய் எழுதுகிறவருக்குச் சமையல் பற்றிப் பேச்சு கிடையாது. பாகப்பிரிவினையில் பங்காளி கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நகராது. இரண்டிலும் பணம் சம்பந்தப்பட்டிருக்கலாம், ஆனால் அதிகாரம் இருப்பது பங்காளியிடம்தான்.

பங்களிப்பு என்ற சொல்லுக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்லும் வாதங்களில் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பங்களிப்பு என்றால் பணம் மட்டும் இல்லை, கருத்தும் உழைப்பும் கூடப் பங்களிப்புதான் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கருத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதும், அந்தக் கருத்து ஏற்கப்பட்டதா என்று கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றா? கொடுப்பவர் ஒருவர், பெற்றுக்கொண்டு முடிவெடுப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு ‘அளி’க்குள்ளேயே இருக்கிறது. கொடுத்த பிறகு பொருள் கைமாறிவிடுகிறது. கருத்தும் அப்படித்தான் கைமாறி, கோப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஔவை சொன்னதைக் காட்டி, ஏற்பு என்றால் கையேந்துவது, மக்களை அப்படிச் சொல்லலாமா என்பது இன்னொரு வாதம். கேட்க நயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுப்பேற்பு, பதவியேற்பு, தலைமையேற்பு என்று அன்றாடம் சொல்கிறோமே, அங்கே யார் கையேந்துகிறார்கள்? தனியே நிற்கும் ஏற்பு இரத்தலைக் குறிக்கலாம். முன்னால் பொறுப்போ பங்கோ வந்துவிட்டால், சுமந்துகொள்வது, தனதாக்கிக்கொள்வது என்ற பொருள்தான். பங்கேற்பில் உரிமையும் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. அல்மா அட்டா ‘உரிமையும் கடமையும்’ என்று இரண்டு சொல்லில் சொன்னதை இந்த ஒரு சொல் தாங்குகிறது.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் வலுவானது. பங்கேற்பு தேய்ந்துபோய்விட்டது என்கிறார்கள். ‘கூட்டத்தில் 200 பேர் பங்கேற்றனர்’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். இதுவும் பங்கேற்பு என்றால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அதிகாரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? இந்தக் குறை உண்மைதான். ஆனால் இதற்கு மருந்து சொல்லை வீசிவிடுவது இல்லை. வந்து போனதற்கு ‘கலந்துகொண்டனர்’ என்று அருமையான சொல் இருக்கிறது. செய்தி எழுதுவோர் அதைப் பயன்படுத்தினால் போதும். வேறு மொழிகளிலும் இதே தேய்மானம் நடந்திருக்கிறது. 1968இல் பிரெஞ்சு மாணவர்கள் ஒரு சுவரொட்டியில் இந்த வினையை இலக்கண வாய்பாடு போல எழுதினார்கள்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவர் பங்கேற்கிறார், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள். மறு ஆண்டு ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் குடிமக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றை வகுத்த கட்டுரையில் அந்தச் சுவரொட்டியையும் எடுத்துக்காட்டினார். அவருடைய ஏணியில் கீழே உள்ள இரண்டு படிகள் பங்கேற்பே அல்ல. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது ஆகிய நடுப்படிகள் பெயரளவுக்குத்தான். கூட்டாளியாவது, அதிகாரம் கைக்கு வருவது, மக்களே நடத்துவது என்ற மேல் மூன்றில்தான் உண்மையான பங்கேற்பு இருக்கிறது. பங்களிப்பு என்ற சொல் அந்த மேல்படிகளை எட்டவே எட்டாது.

இலங்கைத் தமிழில் ‘பங்குபற்றுதல்’ என்பார்கள். போட்டியில் பங்குபற்றினார், கூட்டத்தில் பங்குபற்றினார் என்பது அங்கே அன்றாடப் பேச்சு. பற்றுதல் என்றால் கையால் பிடித்தல். லத்தீனில் ‘பிடி, எடு’ என்று நிற்கும் பகுதிக்கு இதைவிட நெருங்கிய தமிழ் கிடைக்காது. தமிழ்நாட்டில் பங்கேற்பு வேரூன்றிவிட்டதால் நான் அதையே எழுதுகிறேன். பங்குபற்றுதலைத் திருத்தி ‘பங்களிப்பு’ ஆக்கும் சென்னைப் பதிப்பாசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே நல்லது.

ஒத்துழைப்பு, ஈடுபாடு என்று வேறு இரண்டு சொற்களும் இதே இடத்தில் வந்து குந்துகின்றன. ஈடுபாடு என்பது மனம் ஒன்றுவது. இசையில் ஈடுபாடு, கடவுள் மேல் ஈடுபாடு. ‘சமூக ஈடுபாடு’ என்று கம்யூனிட்டி எங்கேஜ்மென்டை மொழிபெயர்த்தால், யாருக்கோ சமூகத்தின் மேல் ஆர்வம் என்றுதான் ஆகும். ஒத்துழைப்பு அப்படி இல்லை, நல்ல சொல்தான். ஒத்து உழைத்தல். ஆனால் அரசு வாயில் அது ‘சொன்னதைக் கேளுங்கள்’ என்பதற்கு மரியாதைப் பெயராகிவிட்டது. டெங்கு காலத்தில் வீட்டைத் திறந்துவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள், ஒத்துழைப்புத் தாருங்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, மக்கள் இணங்க வேண்டும், அவ்வளவுதான்.

இணங்கச் சொல்வதற்கும் பங்கேற்கவைப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை மேற்கு ஆப்பிரிக்கா 2014இல் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே நோய் பரவும். எனவே கவச உடைக் குழுக்கள் வந்து உடலை எடுத்துச் சென்றன. குளிப்பாட்டாமல், ஜெபமோ தொழுகையோ இல்லாமல் தம் ஆட்களை அனுப்ப மனமில்லாத குடும்பங்கள் உடல்களை மறைத்தன, இரவில் புதைத்தன. ஒத்துழைப்பு கேட்டுக் கேட்டுப் பார்த்தும் பலன் குறைவு. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், இஸ்லாமிய, கிறித்தவ மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கத்துக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டது. தண்ணீரில்லாமல் செய்யும் ‘தயம்மும்’ என்ற தூய்மைச் சடங்கும், உடலைப் போர்த்தும் கஃபன் துணியும், குடும்பத்தார் பிரார்த்தனைக்கான நேரமும் அதில் இடம்பெற்றன. சடங்கில் எதை விடலாம், எதை விட முடியாது என்பதை மருத்துவர் தனியாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் உள்ளே வந்தார்கள். அதுதான் பங்கேற்பு. அந்தக் குடும்பங்கள் யாருக்கும் எதையும் ‘அளிக்க’வில்லை.

சட்டத்திலேயே இதை எழுதிவைத்த நாடு பிரேசில். 1988 அரசமைப்பு, பொது சுகாதாரத் துறையில் மக்கள் பங்கேற்பைக் கொள்கையாக்கியது. 1990இன் 8142ஆம் எண் சட்டம் நகராட்சியிலிருந்து நாடு முழுவதற்கும் சுகாதார மன்றங்களை அமைத்தது. மருத்துவப் பணியாளர், அரசு, சேவை தருவோர் எல்லோருக்கும் சேர்த்து எத்தனை இடமோ, சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கு மட்டும் அத்தனை இடம். அதாவது சரிபாதி. இதைத் தமிழில் ‘பயனாளிகளின் பங்களிப்பு’ என்று எழுதினால் என்னாகும் என்று பாருங்கள். பாதி நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்தவர்கள், எதையோ வாங்கிக்கொண்டு எதையோ கொடுப்பவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் ஏற்பாடு இருக்கிறது. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் கிராம சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்ன செலவுக்கு என்று கட்டிவைக்காத நிதி. பிளீச்சிங் பவுடர் வாங்குவதா, தேங்கிய சாக்கடையைச் சரிசெய்வதா, அவசரத்துக்கு ஒரு கர்ப்பிணியை வண்டி வைத்து அனுப்புவதா என்று குழு முடிவு செய்யலாம். 2007இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதாரச் சேவையைக் கண்காணிக்கும் முன்னோடித் திட்டம் நடந்தது. ஊரார் கூடிப் பேசி, சேவைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பெண் அட்டை போட்டார்கள். மருந்து இருக்கிறதா, செவிலியர் வருகிறாரா, யாராவது காசு கேட்கிறார்களா என்பதற்கெல்லாம் ஊரே நிறம் கொடுத்தது. அதிகாரிகளுக்கு அது கசந்திருக்கலாம். ஆனால் சிவப்பு அட்டையைப் ‘பங்களிப்பு’ என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

‘சமூகப் பங்கேற்பு’ என்பதில் முன்னால் நிற்கும் ‘சமூகம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ‘நீங்க எந்தச் சமூகம்?’ என்று கேட்டால் அது எதைப் பற்றிய கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று வாங்குவதைத் தமிழில் சாதிச் சான்றிதழ் என்றுதானே சொல்கிறோம்? ‘சமுதாயம்’ என்றாலும் தப்பிக்க முடியாது, சாதிச் சங்கங்கள் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. தண்ணீர்த் தொட்டிக்கும் மருந்துக்கும் எல்லாத் தெருவும் சேர்ந்து பேச வேண்டிய இடத்தில், தெருவைப் பிரிக்கும் சொல்லை எதற்கு முதலில் வைக்க வேண்டும்? ‘ஊர்மக்கள்’ என்றால் முடிந்தது. ‘ஊர்’ என்பதே சில இடங்களில் சேரியை விலக்கி நிற்கும் சொல் என்பதை மறக்கவில்லை. அங்கே ‘கிராம மக்கள் அனைவரும்’ என்று தெளிவாக எழுதிவிட வேண்டியதுதான்.

ஸ்டேக்ஹோல்டருக்குப் ‘பங்குதாரர்’ என்று எழுதுவதும் இந்தக் குழப்பத்தின் தம்பிதான். ‘தாய்சேய் நலப் பங்குதாரர்கள் கூட்டம்’ என்று ஒரு அழைப்பிதழைப் பார்த்தேன். கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் பங்குதாரர். தாய்சேய் நலத்தில் யார் முதல் போட்டார்கள்? ‘தொடர்புடையோர்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பவர்கள் மேசையில் வைத்துக்கொள்ளச் சில வரிகள். ஊரார் பணம், நிலம், உடலுழைப்பு தருவதைச் சொல்லும்போது பங்களிப்பு. ஜல் ஜீவன் படிவத்தில் அது இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வந்து போனதைப் பதிவேட்டில் எழுதும்போது கலந்துகொண்டோர். திட்டமிடல், நிதி முடிவு, கண்காணிப்பு என்று அதிகாரம் பகிரப்படும் இடமெல்லாம் பங்கேற்பு. இலங்கை வாசகருக்கு எழுதினால் பங்குபற்றுதல். கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன் என்று வந்தால் கிராமத்துக்கு ஊர்மக்கள் பங்கேற்பு, நகரத்துக்குப் பகுதிமக்கள் பங்கேற்பு, தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டமக்கள் பங்கேற்பு.