குளிர் மருந்து சூடாகக் கைக்கு வந்தால்

இன்சுலின் போன்ற மருந்துகளை உறையில் குறிப்பிட்டிருக்கும் குளிரில், பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள், வைத்திருக்க வேண்டியது கடையின் பொறுப்பு. மருந்தை முறையாகச் சேமிக்க வசதி இல்லாத இடத்துக்கு உரிமமே கிடையாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 64-ஆவது விதி.

சிக்கலெல்லாம் பில் போட்ட பிறகுதான். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால், "நீங்கதான் வெயிலில் வச்சிருப்பீங்க" என்பார்கள். குளிர் மருந்தைத் திரும்ப எடுக்க மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது எப்படிக் கிடந்தது என்று தெரியாமல் இன்னொருவருக்கு விற்கக் கூடாது. அதனால் கேட்க வேண்டியதைக் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்துதான் எடுக்கிறார்களா? உள்ளே தெர்மாமீட்டர் உண்டா? இரவில் கடையைப் பூட்டும்போது மெயினையும் அணைத்துவிடுகிறார்களா? பேட்ச் எண் போட்ட பில்லை வாங்காமல் நகராதீர்கள்.

டெலிவரியில் வந்தால், ஆள் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்துப் படம் எடுங்கள். தெர்மாகோல் பெட்டி குளிரை உண்டாக்காது; வெளிச்சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஐஸ் பேக் உருகி வெதுவெதுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். ஐஸ் பேக்கோடு நேராக ஒட்டி உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். கெட்டுப்போன இன்சுலினும் பார்வைக்குக் கலங்காமல் தெளிவாகவே இருக்கலாம். சந்தேகம் வந்தால் அதே மருந்தைப் புதிதாக வாங்குங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசியையே நிறுத்திவிடாதீர்கள்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், மருந்து ஆய்வாளர். அங்கே போனால், "லேப் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டி, 14-ஏ படிவத்தில் யாரும் அரசு பகுப்பாய்வாளரின் சோதனை கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் சாதாரண கூரியரில் போகும் மாதிரி வழியிலேயே கெடும். சோதனையில் தேறிவிட்டாலும், கடை அதைக் குளிரில் வைத்திருந்தது என்று ஆகிவிடாது.

அதனால் மருந்தின் தரத்தைப் பற்றி எழுதாதீர்கள், சேமிப்பைப் பற்றி எழுதுங்கள்: "இந்தக் கடையில் மருந்தைக் குளிரில் வைப்பதில்லை, நேரில் ஆய்வு செய்யுங்கள்." அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு ஆய்வாளருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது, உங்களிடம் ரிப்போர்ட் இருக்க வேண்டியதில்லை. "கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது" என்று கடை கைகழுவப் பார்க்கும். 19(3) பிரிவைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்: அப்படித் தப்பிக்க வேண்டுமானால், தன்னிடம் இருந்தவரை மருந்து முறையாகச் சேமிக்கப்பட்டது என்பதையும் கடைதான் நிரூபிக்க வேண்டும்.

நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "பார்க்கிறோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வந்தால் மனு அலமாரியில் தூங்கும். பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அப்புறம், ஆய்வாளர் உங்களுக்குப் பணம் வாங்கித் தர மாட்டார். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. ஆய்வாளரின் முடிவு வரட்டும் என்று அதைக் கோட்டை விடாதீர்கள். இரண்டும் தனித்தனி வழி.