உங்கள் தமிழை அச்சுக்கு விடுமுன் புரூஃப் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழக இலக்கிய இதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில்களில் ஒன்று. இதில் வரும்படி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் யார் எழுதுகிறார்கள், மியர்பேங்கில் யார் வரைகிறார்கள் என்பது ஊருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மாணவர்கள் நடத்தும் இதழ் என்றால் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி இல்லை, வெளியாட்களின் படைப்புகளை வாங்கும் இதழ்கள் உண்டு. மாணவர் இதழ் அல்ல என்றாலும், ரோட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1965 முதல் வரும் 'நியூ காயின்' கவிதை இதழும் வெளியாட்களின் படைப்புகளை வாங்குகிறது. ஆகவே தயங்காமல் அனுப்புங்கள். நான் சொல்ல வந்தது, அனுப்பிய பிறகு நடப்பதையும், அச்சுக்கு முன் சரிபார்க்கக் கொடுக்கும் மாதிரிப் பக்கமான புரூஃபையும் பற்றி.

ஆங்கிலக் கவிதை ஒன்று வந்திருந்தது. நடுவில் ஆயா பேரனைக் கூப்பிடுவதாக ஒரே ஒரு தமிழ் வரி. அதைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியதும் 'பேரன்' என்பது 'பரேன்' என்று நின்றது. எழுதியவர் மேல் பிழை இல்லை. கணினிக்குள் 'ப' முதலிலும் இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னும்தான் பதிந்திருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்தி வைப்பது மென்பொருளின் வேலை. நாங்கள் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், ஆங்கிலப் பத்திகளுக்கான அமைப்பில் இருக்கும்போது அதைச் செய்யாது. அந்தப் பத்தியை 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற அமைப்புக்கு மாற்றினால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவர் கண்ணுக்கோ 'பரேன்' என்பதும் அழகான தமிழாகத்தான் தெரியும்!

அங்கேதான் சிக்கல். ஆசிரியர் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்கூட இருப்பதில்லை. "ஆன்ட்டி, சரியாக வந்திருக்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடமாக இருந்த காலம் உண்டு. 2004-இல் அதுவும் நேட்டால் பல்கலைக்கழகமும் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின. இன்று அந்தப் பிள்ளைகளிடம் போய் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் விளக்கச் சொல்வதில் பயனில்லை. அப்படியே ஒருத்தி கற்றுக்கொண்டாலும் அடுத்த ஆண்டு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்; புதுக் குழு வரும், மறுபடியும் முதலிலிருந்து.

இந்த ஊருக்கு இது புதிய குறையும் அல்ல. 1903-இல் இங்கே தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆட்கள் கிடைக்காததுதான் காரணம். 

ஆகவே பொறுப்பு உங்கள் தலையில்தான். படைப்பை அனுப்பும் மின்னஞ்சலிலேயே, "தமிழ் வரிகள் உள்ள பக்கத்தின் புரூஃபை எனக்குக் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்" என்று எழுதிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், குழுவுக்கு அது நிம்மதிதான். தமிழை யூனிகோடில் தட்டி அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது எங்கள் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அதோடு, அந்தப் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு பிடிஎஃப் பிரதியும் இணையுங்கள். தமிழ் தெரியாதவர்கூட இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுவார். கையெழுத்துத் தாளைப் படம் பிடித்து மட்டும் அனுப்பினால் தட்டச்சு செய்ய யாரைத் தேடுவார்கள்? அந்தக் கவிதை 'அடுத்த இதழுக்கு' என்ற கோப்புக்குள் போகும். அந்தக் கோப்பிலிருந்து எதுவும் மீண்டு வந்து நான் பார்த்ததில்லை.

ஓவியர்களுக்கும் ஒரு வார்த்தை. காவடித் திருவிழாவை வரைந்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். ஏ4 பக்கம் முழுவதும் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ மூலக் கோப்பை அனுப்புங்கள். திரையில் எரியும் ஆரஞ்சும் பச்சையும் அச்சு மையில் சற்று மங்கும். அதைத் தடுக்க முடியாது, புரூஃபில் பார்த்து ஓரளவு சரிசெய்யலாம்.

அடுத்தது, பலர் படிக்காமலே கையெழுத்துப் போடும் தாள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் கவிதையின் உரிமை, எழுதிய கணத்திலிருந்தே உங்களுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 50 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். அந்த உரிமையைப் பிறருக்கு முழுவதுமாக மாற்றிக் கொடுக்க நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எனவே அந்தத் தாளில் இருப்பது ஒருமுறை வெளியிட அனுமதியா, இல்லை உரிமையையே எழுதிக் கொடுப்பதா என்று பாருங்கள். ஒரு பைசா கொடுக்காத இதழுக்கு உரிமையை எழுதிக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு 'ஒருமுறை வெளியீட்டுக்கு மட்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். நான் பார்த்தவரை மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய படிவம் ஒன்றை யாரோ எங்கிருந்தோ நகலெடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். உரிமை கைமாறிப் போன பிறகும், படைப்பு உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் ஆட்சேபிக்கவும் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது.

ஒளிப்படக் கலைஞர்கள் மட்டும் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். காசு பேசி ஒருவர் எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கும், வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லையென்றால் சொன்னவரே உரிமையாளர் என்கிறது இதே சட்டம். இதழ் உங்களை அமர்த்திப் படம் எடுக்கச் சொன்னால், கேமராவைத் தூக்குமுன் மின்னஞ்சலில் அதை மாற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆயாக்களின் பாட்டுகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒருவர் தானே கட்டிய பாட்டானாலும் எழுதப்படாமல், பதிவாகாமல் வாயோடு இருக்கும்வரை அதற்குப் பதிப்புரிமை கிடையாது. கைபேசியில் பாடவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதழுக்கு அனுப்பும்போது பாடியவர் பெயரும் ஊரும் பாட்டின் அடியிலேயே வரட்டும். கடைசிப் பக்க நன்றியுரையில் போட்டால் இடப் பற்றாக்குறை வந்ததும் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பக்கம்தான். வெட்டுகிறவள் நானே.