முளைகட்டினால் புரதம் பெருகாது

வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்களான ஒரு பெரியவரைச் சென்ற வாரம் அழைத்து வந்தார்கள். நான்கு கிலோ எடை குறைந்திருந்தார், புண்ணும் ஆறவில்லை. முட்டை, பருப்பு, தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலையில் ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். "முளைகட்டினா புரதம் நாலு மடங்கு ஆயிடுமே, மேடம்" என்றார் மகள். உணவியல் ஆலோசகராக இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

பயற்றில் உள்ள புரதம், விதை முற்றும்போதே தாய்ச்செடி சேர்த்து வைத்தது. பச்சைப்பயற்றில் அதில் பெரும்பகுதி விசிலின் என்ற சேமிப்புப் புரத வகையைச் சேர்ந்தது. விதைக்குள் இருக்கும் இரண்டு பருப்புகளின் செல்களுக்குள் சிறுசிறு பைகளில் அடைந்திருக்கிறது. ஊறியதும் நொதிகள் அதை அமினோ அமிலங்களாக உடைக்க, வேரும் தண்டும் அவற்றை எடுத்துத் தமக்கு வேண்டிய புரதங்களைக் கட்டிக்கொள்கின்றன. ஐந்து நாள் முளையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முளை நீண்டிருக்கும், பருப்போ சுருங்கித் தொளதொளத்திருக்கும். புரதம் இடம் மாறியிருக்கிறதே தவிர, கூடவில்லை. கூடுவதற்கு நைட்ரஜன் வேண்டும். நாம் தெளிக்கும் தண்ணீர் அதைத் தராது, காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகளோ மண்ணில் வளரும் செடிக்குத்தான் உண்டு.

100 கிராம் காய்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அதே பயறு ஊறி முளைத்து இரண்டு மடங்கு எடையானாலும் அந்த 24 கிராம்தான், கூடிய எடை தண்ணீர். கடையில் விற்கும் நீள முளையில் 100 கிராமுக்கு 3 கிராம்தான் தேறும். உலர் எடைக் கணக்கில் புரத விகிதம் சற்று உயர்ந்து தெரிவதுண்டு. மாவுச்சத்து முளையின் சுவாசத்தில் செலவாகிக் குறைவதால் வரும் தோற்றம் அது. இதைத்தான் 'பெருகியது' என்று பரப்புகிறார்கள்.

முளைகட்டுவது வீண் என்று சொல்லவில்லை. வைட்டமின் சி உருவாகிறது, இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமும் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் குறைகின்றன.

ஆனால் பயறு முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் வாகானவை. ஜெர்மனியில் 2011இல் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ. கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதையிலேயே ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், முளையை மேலாகக் கழுவினால் மட்டும் போதாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சையாகக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. துணி நாறினாலோ முளை பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அந்தப் பெரியவருக்கு முளைப்பயற்றை நான் நிறுத்தவில்லை. நன்றாக வேகவைத்துக் கொடுக்கவும், நிறுத்திய முட்டையையும் பருப்பையும் தயிரையும் அன்றே மறுபடி தொடங்கவும் எழுதிக் கொடுத்தேன்.