நொதியக் குறைபாட்டுக்குப் பாமசியில் பாணி மருந்து கிடையாது

திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு, பிறவியிலேயே ஒரு நொதியம் (என்சைம்) இயங்காததால் வரும் கோஷே நோய் இருப்பது குருதிப் பரிசோதனையில் உறுதியாகி, கொழும்புக்குச் சென்று சிறுவர் வைத்திய நிபுணரைச் சந்திக்கும்படி எழுத்தில் அறிவுறுத்தப்பட்ட பின்னரும், ஓராண்டுக்கு மேலாகப் பெற்றோர் அங்கு போகவில்லை. அவர்கள் பிள்ளையில் அக்கறையற்றவர்கள் அல்லர். அறிக்கையில் நொதியக் குறைபாடு என்று எழுதியிருந்ததைப் பார்த்து, தெரிந்த ஒருவரின் சொல்லைக் கேட்டு, பாமசியில் சமிபாட்டு நொதியப் பாணி வாங்கி இரண்டு வேளையும் தவறாமல் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது போதாதென்று வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் மூலம் விலை கூடிய நொதிய மாத்திரைகளையும் வரவழைத்திருக்கிறார்கள். பிள்ளை மறுபடி பரிசோதனைக்கு வந்தபோது மண்ணீரல் தொப்புளுக்குக் கீழே இறங்கியிருந்தது. குருதிச் சிறுதட்டுக்கள் மிகவும் குறைந்திருந்தன. தொடையெலும்பின் மேல்முனையில் ஏற்பட்டிருந்த சேதம் இனி எந்த மருந்தாலும் முழுமையாகச் சீராகாது.

இப்படி நடப்பது இது முதல் தடவையல்ல. மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று ஊர் மாறுகிறதே தவிர நடப்பது மாறவில்லை. நான் இந்த நொதியங்களை ஆய்வுகூடத்தில் அளவிடும் ஆய்வாளர். மருந்து எழுதிக் கொடுப்பது என் பணியல்ல. ஆனாலும் சொந்த ஊர் திருகோணமலை என்பதால், அறிக்கை கையில் கிடைத்ததும் பல குடும்பங்கள் முதலில் என்னிடமே கேட்கின்றன. அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கு எழுதுகிறேன்.

நம் உடலின் கலங்களுக்குள் இலைசோசோம் எனப்படும் நுண்ணிய பைகள் உள்ளன. பழுதடைந்த, தேவையற்ற பொருட்களை உடைத்து அகற்றும் நொதியங்கள் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. பெல்ஜிய ஆய்வாளர் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் இவற்றை விபரித்தார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த நொதியங்களில் ஏதாவது ஒன்று பிறவியிலேயே இயங்காவிட்டால், அது உடைத்திருக்க வேண்டிய பொருள் கலத்துக்குள்ளேயே ஆண்டாண்டாகத் தேங்குகிறது. கோஷே நோயில் கொழுப்பு வகையொன்று மண்ணீரலிலும் ஈரலிலும் என்புமச்சையிலும் தேங்கும். பொம்பே நோயில், உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை வகையான கிளைக்கோஜன் தசைகளிலும், குழந்தைப் பருவத்தில் வெளிப்படும் வகையில் இருதயத்திலும் தேங்கும். ஹேர்ளர், ஹன்டர் நோய்களில் வேறு சில சிக்கலான சர்க்கரைச் சங்கிலிகள் மூட்டு, இருதய வால்வு, கண், மூளை என்று பல இடங்களில் தேங்கும்.

இனி அந்தப் பாணி மருந்துக்கு வருகிறேன். நொதியம் என்பது ஒரு புரதம். மீனிலும் பருப்பிலும் உள்ள புரதத்தை இரைப்பை என்ன செய்கிறதோ, அதையேதான் போத்தலிலுள்ள நொதியத்துக்கும் செய்யும்: அமிலத்தில் அதன் வடிவத்தைக் குலைத்து, பெப்சினாலும் பின்னர் சிறுகுடலில் திரிப்சினாலும் துண்டு துண்டாக வெட்டி, அமினோ அமிலங்களாகவே குருதிக்குள் விடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் ஏன் ஊசியாகவே ஏற்றப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் புரதந்தான், அதையும் குடித்துப் பயனில்லை. கோஷே நோய்க்குத் தேவையான நொதியம் இன்சுலினைவிடப் பல மடங்கு பெரிய மூலக்கூறு.

அது மட்டுமல்ல. பாமசியில் விற்கும் பாணியில் இருப்பது மாப்பொருளையும் புரதத்தையும் உணவுக்கால்வாய்க்குள் உடைக்கும் நொதியம். உங்கள் பிள்ளைக்கு இல்லாதது முற்றிலும் வேறொன்று. எந்தக் கடையிலும், எந்தப் பழத்திலும், எந்தச் சத்துமாவிலும் அது கிடைக்காது. சதையி சுரக்காத நோயாளிகளுக்கு நொதிய மாத்திரைகள் கொடுக்கப்படுவது உண்மையே. அவை வேலை செய்ய வேண்டிய இடம் குடல் என்பதால் அங்கே பயன் தருகின்றன. கலத்துக்குள் நேர்ந்த குறைபாட்டுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. சில வகை நோயாளருக்கு மிக்ளுஸ்டாட், எலிகுளுஸ்டாட் போன்று வாயால் எடுக்கும் மருந்துகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். அவை நொதியங்கள் அல்ல. தேங்கும் கொழுப்பு உருவாவதைக் குறைக்கும் இரசாயனங்கள். அவற்றையும் நிபுணரே தீர்மானிக்க வேண்டும்.

குடிப்பது கிடக்கட்டும், நேரடியாகக் குருதியில் ஏற்றினாலே இந்த நொதியம் போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போவதில்லை. அமெரிக்காவின் ரொஸ்கோ பிரேடியும் அவருடைய சகாக்களும் 1970களில் மனித சூல்வித்தகத்திலிருந்து பிரித்தெடுத்த நொதியத்தை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது, அதன் பெரும்பகுதி ஈரலின் சாதாரண கலங்களுக்குள் போய்விட்டது. கொழுப்பு தேங்கிக் கிடந்ததோ பழைய குருதிக் கலங்களை விழுங்கி அகற்றும் தின்கலங்களில். நொதியத்தின் மேலிருந்த சர்க்கரைச் சங்கிலிகளைச் செதுக்கி, மனோஸ் என்னும் சர்க்கரை வெளியே தெரியும்படி செய்த பின்னரே தின்கலங்கள் அதை இனங்கண்டு உள்ளே எடுத்தன. அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துக்கு ஏராளமான சூல்வித்தகங்கள் தேவைப்பட்டன. 1994இல் சீன ஹம்ஸ்டரின் சூலகக் கலங்களை வளர்த்து உற்பத்தி செய்யப்பட்ட இமிகுளுசரேஸ் வந்த பின்னரே அந்த நெருக்கடி தீர்ந்தது. இவ்வளவு உழைப்புக்குப் பின் வந்து சேர்ந்த ஒரு மருந்தின் இடத்தில் ஒரு போத்தல் பாணியை வைத்துவிட்டு மாதங்களைக் கழிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இந்தச் சிகிச்சை நாளத்தினூடாகச் சில மணி நேரம் மெதுவாக ஏற்றப்படுவது. கோஷே, பொம்பே நோய்களுக்குப் பொதுவாக இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஹேர்ளர், ஹன்டர் நோய்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை. அளவு உடல் நிறையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளர அளவும் கூடும். ஏற்றிய நொதியம் நிலைத்திருக்காது என்பதால் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். வயிறு வற்றிவிட்டது, பிள்ளை ஓடியாடுகிறது என்று நிறுத்திவிட்டால் தேக்கம் மறுபடி தொடங்கும். மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாதது. இருப்பினும் சில உற்பத்தி நிறுவனங்கள் மனிதாபிமானத் திட்டங்களின் கீழ் இலவசமாக வழங்குகின்றன, அவற்றுக்கு நோயாளியின் சார்பில் நிபுணரே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே விலையைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம்.

இந்தச் சிகிச்சை செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். நாளத்தில் ஏற்றும் வழக்கமான நொதியம் குருதியிலிருந்து மூளைக்குள் செல்லாது. எனவே மூளையைப் பாதிக்கும் வகைகளில் வயிறும் எலும்பும் தேறினாலும் மூளைப் பாதிப்பு தொடரலாம். கடுமையான ஹேர்ளர் நோய்க்கு என்புமச்சை மாற்றுச் சிகிச்சையை, முடிந்தவரை இரண்டரை வயதுக்கு முன்னரே, நிபுணர்கள் பரிசீலிப்பது இதனால்தான். பொம்பே நோயின் குழந்தைப் பருவ வகையில் சிகிச்சையின்றிப் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. பாணி கொடுத்துப் பார்க்க அங்கே காலமே கிடையாது.

பிள்ளைக்கு வயிறு வீங்கினால் பூச்சி என்று பூச்சிமருந்து கொடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் முதியவர்களுக்கு மண்ணீரல் வீக்கம் என்றாலே மலேரியாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. குருதிச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் சரிவராதபோது தலசீமியா பார்ப்பது சரியே. அதுவும் இல்லையென்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. குறையாத வயிற்று வீக்கம், அடிக்கடி மூக்கால் குருதி வடிதல், காரணமில்லாத எலும்பு வலி, தளர்ந்துபோய்த் தலை நிற்காத குழந்தை, நாளுக்கு நாள் தடிக்கும் முகத்தோற்றம், மடங்கிப்போகும் விரல்கள், திரும்பத் திரும்ப வரும் காதுத் தொற்று, தொப்புள் குடலிறக்கம்: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். பிறந்தபோது குதிகாலில் குருதித்துளி எடுத்து எல்லாம் பார்த்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அங்கு முக்கியமாகப் பார்க்கப்படுவது தைரொயிட் குறைபாடு, இந்த நோய்கள் அல்ல.

இன்னொன்று என்னைப் பெரிதும் வருத்துவது. நோய் உறுதியானதும் தாயைக் குற்றஞ்சாட்டுகிறார்கள். கர்ப்பகாலத்தில் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று கேட்கிறார்கள். கோஷே, பொம்பே, ஹேர்ளர் நோய்களில் பழுதான பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. இருவரும் நோயின்றி அதைக் காவியிருப்பவர்கள். மச்சான், மச்சாள் முறையில் மணமுடிக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதும் உண்மை. உறவுக்கு வெளியே மணமுடித்தவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதும் உண்மை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிப்புக்கான வாய்ப்பு 25 வீதம். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குத் தவறு, அடுத்த கர்ப்பத்திலும் அதே 25 வீதந்தான். ஆகவே அடுத்த பிள்ளைக்கு முன் பரம்பரையியல் ஆலோசனை பெறுங்கள். மூத்த பிள்ளைகளையும் பரிசோதியுங்கள், சுகமாகத் தெரிந்தாலும்.

கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, பழைய ஸ்கேன் அறிக்கைகள், இதுவரை கொடுத்த எல்லா மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள், பாணியையும் மறைக்காதீர்கள். இரவு பஸ்ஸில் போய் மறுநாள் திரும்புவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத் தவணையைத் தவறவிட வேண்டாம். வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவித்து வேறு நாள் கேளுங்கள். ஹேர்ளர், ஹன்டர் நோயுள்ள பிள்ளைக்கு எந்தச் சிறிய சத்திரசிகிச்சையென்றாலும், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு நோயின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுடைய சுவாசப் பாதை குறுகியிருக்கும். குழாய் செலுத்துவது கடினம்.

மாதிரி எடுக்கும் சகாக்களிடமும் ஒரு வேண்டுகோள். தாளில் இட்ட குருதித்துளியை வெயிலில் வைக்காமல், சூடான காற்றும் படாமல், அறைக்குள்ளேயே சில மணி நேரம் முழுமையாக உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் பையில் மூடி, குளிரில் வைத்து விரைவாக அனுப்புங்கள். எங்கள் வெக்கையிலும் கடற்கரை ஈரப்பதனிலும் நொதியம் கெட்டுவிடும். கெட்ட மாதிரியில் எல்லா நொதியங்களுமே குறைவாகத் தெரியும். இதற்காகவே நாங்கள் ஒப்பீட்டுக்கென இன்னொரு நொதியத்தையும் சேர்த்து அளவிடுகிறோம். அதுவும் விழுந்திருந்தால் நோய் என்று எழுதாமல் புது மாதிரி கேட்போம், ஒரு குடும்பம் மறுபடி அலையும். குருதி ஏற்ற வேண்டியிருந்தால் மாதிரியை அதற்கு முன்னரே எடுத்துவிடுங்கள். பின்னர் எடுத்தால் கொடையாளியின் நொதியத்தை நாங்கள் அளந்து, நோயுள்ள பிள்ளைக்கு நோயில்லை என்று எழுத நேரிடலாம். ஏற்கனவே ஏற்றியிருந்தால், கடைசியாக ஏற்றிய திகதியை மாதிரியுடன் வரும் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்.