வழிமறிப்பு: சாப்ட்பாலில் ‘ஆப்ஸ்ட்ரக்‌ஷன்’

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ‘ஆப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றால் பேட்ஸ்மேன் செய்யும் தப்பு. 1951-இல் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லென் ஹட்டன் அப்படித்தான் அவுட் ஆனார். பேஸ்பாலின் உறவான சாப்ட்பாலில் ஆள் மாறிவிடுகிறார். கையில் பந்தும் இல்லாமல், அடித்த பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாமல் ஒரு பீல்டர் ரன்னரின் (‘பேஸ்’ எனப்படும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டபடி ஓடுபவர்) ஓட்டத்தைக் கெடுத்தால் அது ஆப்ஸ்ட்ரக்‌ஷன். பந்தை எடுக்கப் போகும் பீல்டரை ரன்னர் கெடுத்தால் அதன் பெயர் இன்டர்பியரன்ஸ்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ருவெரே’ என்றால் அடுக்கிக் கட்டுவது, ‘ஓப்’ என்றால் எதிரே. போகிற வழியில் சுவர் எழுப்பியது மாதிரி. சுவருக்கு உள்நோக்கம் கிடையாது. அம்பயரும் உள்நோக்கம் தேடுவதில்லை. 2013 பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பந்துக்குப் பாய்ந்து கீழே கிடந்த பீல்டர் வில் மிடில்புரூக்ஸ் மீது தடுக்கி விழுந்தார் ரன்னர் ஆலன் கிரெய்க். மிடில்புரூக்ஸ் வேண்டுமென்றே செய்தாரா என்பது கணக்கிலேயே வரவில்லை. மூன்றாம் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ஆப்ஸ்ட்ரக்‌ஷன் என்றார், அந்த ஓட்டத்திலேயே கிரெய்க்கின் அணியான செயின்ட் லூயிஸ் ஜெயித்தது.

சாப்ட்பால் அம்பயர் இதற்காக உடனே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி, ஆட்டத்தை ஓட விடுகிறார். முதல் பேஸைச் சுற்றும் ரன்னர், பந்தை வேடிக்கை பார்த்து நிற்கும் பீல்டரால் விலகி ஓட வேண்டியிருக்கிறது, இரண்டாம் பேஸுக்கு ஓரடி முன்னால் டேக் ஆகிறார் (பந்தோடு பீல்டர் அவரைத் தொட்டுவிடுகிறார்) என்று வையுங்கள். அங்கே ஆட்டம் நிற்கும். தடுக்கப்பட்ட அந்த இரண்டு பேஸ்களுக்கு இடையில் அவரை அவுட் ஆக்க முடியாது (பேஸை மிதிக்காமல் விட்டது போன்ற சில விலக்குகள் உண்டு). தடை இல்லாவிட்டால் எதுவரை போயிருப்பார் என்று அம்பயர் கணித்து அந்த பேஸைத் தருவார். இரண்டாம் பேஸைத் தாண்டி மூன்றாவதற்கும் ஆசைப்பட்டு ஓடினால், அது பெரும்பாலும் அவர் பாடு.

சரி, தமிழில்? ‘தடை’, ‘தடுப்பு’ என்று எழுதுகிறார்கள். பீல்டரையே ‘களத்தடுப்பாளர்’ என்கிறோம். தடுப்பது அவர் வேலை. அதே சொல்லைக் குற்றத்துக்கும் வைத்தால் எதற்குத் தண்டனை என்று புரியாது. ‘இடையூறு’ யார் யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்வதில்லை. ‘வழிமறிப்பு’ எனக்குச் சரியாகப் படுகிறது. போகிறவர் ஒருவர், குறுக்கே நிற்பவர் ஒருவர் என்ற படம் அதிலேயே இருக்கிறது. சாலை மறியலில் இருப்பதும், இலங்கை வழக்கில் ரிமாண்டைக் குறிக்கும் விளக்கமறியலில் இருப்பதும் இதே ‘மறி’தான். இன்டர்பியரன்ஸுக்குக் ‘குறுக்கீடு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

ஒரே இடத்தில்தான் இந்தச் சொல் கொஞ்சம் இழுபடுகிறது. பந்து இல்லாமலே டேக் செய்வது போல் பாவனை காட்டி ரன்னரைச் சறுக்க வைப்பதும் விதிப்படி ஆப்ஸ்ட்ரக்‌ஷன். அங்கே யாரும் வழியில் நிற்க வேண்டியதே இல்லை. அதைப் ‘பொய் டேக்’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.