பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஓடிவிடும் வண்டி

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் சித்தப்பாவின் அம்பாசடர், 1984 மாடல் மார்க் 4, ஏழெட்டு வளைவு வரை ஜம்மென்று ஏறும், அப்புறம் பொசுக்கென்று நின்றுவிடும். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீயைக் குடித்து முடித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிடும். கீழே இறங்கிப் பட்டறையில் காட்டினால் அங்கே சமத்துப் பிள்ளை, ஒரு இருமல்கூட இருக்காது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. மறுபடி மலை ஏறினால் மறுபடி நிற்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. "சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்பதற்குக் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம், நான்குக்குமே பத்து நிமிட ஓய்வு மருந்தாக வேலை செய்யும். அதாவது நாம் டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் தடயம் அழிந்துபோகிறது. வண்டி செத்துக் கிடக்கும்போதே பார்க்க வேண்டும்.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஏர் லாக், அதாவது பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது. பெட்ரோலுக்குத் தண்ணீர் மாதிரி ஒரே கொதிநிலை கிடையாது. பல பொருட்களின் கலவை அது, லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப், பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிப்பது இன்னும் சுலபம். மலையில் போகப் போக காற்றழுத்தமும் குறையும், ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். போதாக்குறைக்கு அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பழைய பி‑சீரிஸ் வடிவமைப்பு, அதில் கார்பரேட்டரும் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பைப்பில் ஆவிக் குமிழி சேர்ந்துவிட்டால் பம்ப் குமிழியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர பெட்ரோல் நகராது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள் இல்லையா, அது மூடநம்பிக்கை கிடையாது. தண்ணீர் ஆவியாகும்போது பம்ப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே ஆவி திரும்பவும் பெட்ரோலாகிறது.

இரண்டாவது, டேங்க் மூடி. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும், அதற்காகவே மூடியில் சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி ஓடும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள், புஸ்ஸென்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் கேஸ் முடிந்தது. மூன்றாவது, டேங்குக்குள் இருக்கும் துருவும் கசடும். ஓடும்போது பெட்ரோலோடு இழுபட்டு வந்து பெட்ரோல் வெளியேறும் வாயை அடைக்கும், நிறுத்தினால் அடியில் போய்ப் படியும், வழி விடும். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் சூட்டு நோய் மாதிரியே தெரியும்.

நான்காவது ஆள் பெட்ரோல் பக்கமே இல்லை, டெல்கோவுக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து கரண்டை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள். சார்லஸ் கெட்டரிங் தொடங்கிய டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரிஸ் கம்பெனியின் சுருக்கம்தான் அந்தப் பெயர், இந்த வகை இக்னிஷன் முறையே 1910 வாக்கில் அங்கிருந்து வந்ததுதான். அதற்குள், கரண்டை விட்டு விட்டு அறுக்கும் குட்டி சுவிட்சான பாயின்ட் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தகர டப்பி இருக்கும். அதுதான் கண்டென்சர்.

அது என்ன செய்கிறது? பாயின்ட் மூடியிருக்கும்போது வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் காயிலின் முதல் கம்பிச் சுற்றில் மூன்று நான்கு ஆம்பியர் கரண்ட் ஓடி, காந்தப்புலம் ஏறி நிற்கிறது. பாயின்ட் திறந்ததும் கரண்ட் அறுபட்டு அந்தப் புலம் சரிய வேண்டும். எவ்வளவு சட்டென்று சரிகிறதோ அவ்வளவு வோல்டேஜ் இரண்டாவது சுற்றில் கிளம்பும், பிளக்கில் பொறி தாண்ட பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் அவ்வளவு எளிதில் நிற்காது, திறக்கிற பாயின்ட் இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதித்துவிட்டால் அங்கேயே நெருப்பாக எரிந்து வீணாகும், புலமும் சோம்பேறித்தனமாகச் சரியும். பாயின்ட் முழுசாக விலகும் வரை அந்தக் கரண்ட் போய் ஒதுங்குவதற்கு ஒரு திண்ணை வேண்டும், கண்டென்சர்தான் அந்தத் திண்ணை. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 தடவை இது நடக்கிறது. டப்பிக்குள் இருப்பதோ மெல்லிய உலோகத் தாளும் காப்புத் தாளும் சேர்த்துச் சுருட்டிய ஒரு சுருள். வயதானால் சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுப்போகும் அல்லது காப்பு கசியும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பட்டறையில் சமத்து.

சரி, நடுரோட்டில் எப்படிப் பிரித்தறிவது? முதலில், வண்டி எப்படி நின்றது என்பதை யோசியுங்கள். பெட்ரோல் இல்லாமல் நிற்கிற வண்டி கெஞ்சும், வெட்டி வெட்டி இழுக்கும், ஆக்சிலேட்டர் மிதித்தால் இருமும், அந்த நேரத்தில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் கொஞ்சம் உயிர் வரும். கரண்ட் போய் நிற்கிற வண்டி பெரும்பாலும் சாவியைத் திருகி அணைத்த மாதிரி நிற்கும். இது நூற்றுக்கு நூறு விதியில்லை, கண்டென்சர் பாதி செத்த நிலையில் மிஸ்ஸிங்கும் வரும், ஆனாலும் நல்ல தொடக்கம். அப்புறம் காயிலிலிருந்து டெல்கோவின் நடுவுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, எஞ்சின் பாடிக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை இருந்தால் இதைச் செய்யவே கூடாது. நீலமாக, டப் டப்பென்று சத்தத்தோடு பொறி வந்தால் இக்னிஷன் தேறிவிட்டது, டேங்க் பக்கம் போகலாம். மஞ்சளாக, நூல் மாதிரி, விட்டு விட்டு வந்தால் டெல்கோ மூடியைத் திறந்து இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள். பாயின்ட்டில் லேசான மினுக்கு சகஜம், வெல்டிங் மாதிரி பளீரென்று எரிந்தால் கண்டென்சர்தான்.

சித்தப்பா வண்டியில் அதுதான். எட்டாவது வளைவில் நின்றவுடன் டீயைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வயரைக் கழற்றினேன். வெளுத்துப்போன மஞ்சள் பொறி. பாயின்ட் முனை இரண்டும் நீலம் பாரித்துக் குழி விழுந்திருந்தன. கையோடு கொண்டுபோன ஒரு கண்டென்சரை மாட்டி, பாயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, விசிட்டிங் கார்டை நுழைத்து இடைவெளி வைத்தோம். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் ஆனது. ஆறட்டும் என்று காத்திருந்து மாட்டியிருந்தால், புதுக் கண்டென்சரால் ஓடுகிறதா ஓய்வால் ஓடுகிறதா என்று தெரிந்தே இருக்காது.

பெட்ரோல் பக்கம்தான் கோளாறு என்று வந்தால் இப்போது இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸில் வெடிப்பு விட்டால் பெரும்பாலும் பெட்ரோல் வெளியே சொட்டாது, அது உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை என்பதற்காக ஹோஸை நம்ப வேண்டாம், விரலால் வளைத்துப் பாருங்கள்.

எங்களுக்கு மிச்சமிருந்த வேலை கார்பரேட்டர். ஏற்கெனவே இரண்டு தடவை கழுவியபோது, நலிந்த பொறியை ஈடுகட்டுவதற்காகவோ என்னவோ, மிக்ஸ்சரில் பெட்ரோல் பங்கைக் கன்னாபின்னாவென்று ஏற்றி வைத்திருந்தார்கள், பிளக்கெல்லாம் கரி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஐடிலிங்கை மறுபடி வைத்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் நுனி பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது, மிக்ஸ்சர் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.